கதிரையில் இருந்த ஈடு

நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே எங்கள் கடையில் இரண்டு சைக்கிள்கள் களவு போயின. பூட்டு உடைபடவில்லை, ஓடு பிரிபடவில்லை. இரண்டையும் நானே வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், டயரில் காற்றுப் பார்த்து, பிரேக்கை ஒருமுறை பிடித்துக் காட்டி, கள்ளனின் கையில் மரியாதையாகக் கொடுத்தேன். ஒருவனுக்குக் கதவையும் திறந்து பிடித்தேன்.

சைக்கிள் தொழிலில் ஆயுசைக் கழித்தவன் என்று இப்போது கடைகளில் நிற்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து வீல் நேராக்குவது எப்படி, ஹப் கழற்றுவது எப்படி என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் நல்ல ஒரு பாஸிடம் படிக்கலாம். தொழில் தெரிந்த கைகாரனைக் கொழும்பில் பாஸ் என்றுதான் சொல்வோம். நான் எழுதுவது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நடந்த சங்கதி.

1. ட்ரையல் ரவுண்ட்

கடை கொட்டாஞ்சேனையில். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். வெள்ளைக்காரன் ஆட்சி, இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. நான் வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருந்தேன். காலையில் கோட்டைவரை ரயில், பிறகு ட்ராம், மிச்சம் நடை.

யாழ்ப்பாணத்தில் என் அப்பாவுக்கு இந்த வேலை துளியும் பிடிக்கவில்லை. சைக்கிள் கடையில் நிற்கவா உன்னை இங்கிலீஷ் படிப்பித்தேன் என்பதை ஒவ்வொரு கடிதத்திலும் வேறு வேறு விதமாக எழுதுவார். அரசாங்க கிளார்க் சோதினையை நான் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. வேலை போய் நான் ஊருக்குத் திரும்பினால், பெட்டியை இறக்கி வைக்க முதலே சோதினைப் புத்தகத்தை மடியில் வைத்துவிடுவார். எனக்கோ கிளார்க் வேலை என்று நினைத்தாலே கொட்டாவி வரும். புதுச் சைக்கிளைக் கடதாசி உரித்து எடுக்கும்போது வருகிற எண்ணெய் வாசம் எனக்குப் பிடிக்கும், பத்து விதமான ஆட்களோடு கதைப்பது பிடிக்கும். அந்தக் கடையை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

அந்தக் காலத்தில் சீமைச் சைக்கிள் என்றால் லேசான சாமான் இல்லை. த்ரீ ஸ்பீட் கியர், டைனமோ லைட், செயினை முழுக்க மூடிய கேஸ் எல்லாம் வைத்த மெஷின் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருகிற சனம் கடை மூடியிருந்தாலும் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

வாங்குகிறவர் முதலில் ஒரு ரவுண்ட் ஓடிப் பார்ப்பது வழக்கம். கடையிலிருந்து கோயில் திருப்பம்வரை போய்த் திரும்பி வருவார். இதுதான் ட்ரையல் ரவுண்ட்.

முதலாவது கள்ளன் வெள்ளை ட்ரில் சூட்டும் டையும் தொப்பியுமாக வந்தான். இங்கிலீஷில் மட்டும்தான் கதைத்தான். கோயில் திருப்பத்தில் திரும்பாமல் நேரே போனபோதும், எவ்வளவு நிமிர்ந்து இருந்து ஓடுகிறார் என்று வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆள் வேறு. அவன் தன்னை டாக்டர் என்றான். கோட் பையிலிருந்து நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாய் எட்டிப் பார்த்தது, நானும் நம்பினேன். இது ஒரு கூட்டம், கடைக்குக் கடை ஆளை மாற்றி அனுப்புகிறார்கள் என்று பொலிஸில் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களும் ஒன்றும் செய்யவில்லை.

ஹாஜியார் ஒரு சட்டம் போட்டார். ட்ரையல் போகிறவர் திரும்பி வரும்வரை ஏதாவது ஒன்றை ஈடாக வைத்துவிட்டுப் போக வேண்டும். முதல் நாளே கோர்ட்டுக்குப் போகிற புரொக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் முகம் சிவந்து, விறுக்கென்று வெளியேறினார். ஹாஜியார் தொப்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை அவருக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்ததும் சட்டத்தைத் திருத்தினார். கோட்டும் டையும் போட்ட மனிதரிடம் ஈடு கேட்கக் கூடாது.

களவெடுத்த இரண்டு பேரும் கோட் போட்டவர்கள். ஈடு வைத்ததெல்லாம் இடுப்பில் சாரம் கட்டிய சாதாரண ஆட்கள். குடை வைத்தார்கள், மணிக்கூடு வைத்தார்கள், ஒருவர் உயிரோடு ஒரு கோழியையும் வைத்துவிட்டுப் போனார். இந்தச் சட்டத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் படவே இல்லை. எனக்கு ஹாஜியார் சொன்னது மட்டும் காதில் நன்றாக விழுந்தது.

"தம்பி, இன்னொண்டு போனா நீயும் போ. அதுக்குப் பொறகு எனக்கிட்ட கதைக்க வராத."

2. சூசையும் பிலோமினாவும்

சூசை ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் கடைக்குப் பின்னால், தோட்டம் என்று நாங்கள் சொல்கிற நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். பல மாதமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் மனைவி பிலோமினாவோடு உள்ளே வந்தார். அடுத்த மாதம் தங்களுக்குச் சீட்டு விழும், அதற்கு முதல் மெஷினைத் தெரிவு செய்து வைக்க வந்தோம் என்றார்கள். த்ரீ ஸ்பீட் அவருக்கு வேண்டாம், டைனமோவும் வேண்டாம். பெரிய கேரியர் வைத்த கறுப்பு மெஷின் ஒன்றில்தான் கண்.

ட்ரையலுக்கு என்ன ஈடு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சூசை பையைத் தடவிப் பார்த்தார். குடை இல்லை, மணிக்கூடு இல்லை. கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றப் போனார். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை. அப்போது அவர் சிரித்துக்கொண்டு மனைவியைக் காட்டினார்.

"இவள விட்டுட்டுப் போறேன். இதைவிடப் பெருசா என்கிட்ட ஒண்ணும் இல்ல."

பிலோமினாவும் சிரித்துவிட்டார். ஹாஜியார் சிரித்தார், நானும் சிரித்தேன். கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அமர்ந்தார். சூசை பெல்லை இரண்டு தரம் அடித்துவிட்டுப் புறப்பட்டார்.

கோயில் திருப்பம்வரை போய்வர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்கு அத்துப்படி. அந்த நேரம் போனது. அதைப்போல இன்னொரு பங்கும் போனது. நான் வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தேன். உங்கள் அவர் வந்துவிடுவார்தானே என்று கேட்டேன்.

"வந்துருவாரு. எங்க போகப் போறாரு? சோறு நான்தானே போடணும்" என்று பிலோமினா சிரித்தார்.

கொஞ்சம் பொறுத்து ஹாஜியார் அதையே கேட்டார். "வருவாரு, ஹாஜியார்" என்று மட்டும் பிலோமினா சொன்னார். பிறகு திரும்ப நான் கேட்டேன். அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் கண்களுக்கு அவர் கல்லுப்போல அசையாமல் இருந்தார். எனக்குத்தான் மூன்றாவது சைக்கிளும் போய்விட்டது, நாளைக்கு நானும் போகிறேன், அப்பா புத்தகத்தோடு வீட்டுப் படலை வாசலில் நிற்கிறார் என்றெல்லாம் மனம் ஓடியது.

ஹாஜியார் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஒருத்தன்ட பொஞ்சாதிய வெச்சி நான் என்னத்தடா செய்ற? விக்கவா ஏலும்?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கடை சிறியது. ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, எங்கள் கடைப் பாஸையும் ஏற்றிக்கொண்டு தேடப் புறப்பட்டார். கடையில் நானும் பிலோமினாவும் மட்டும்.

3. கோட் போட்டவர்

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். கிறீம் நிறக் கோட், தங்க விளிம்பு மூக்குக்கண்ணாடி, லவெண்டர் வாசம். கண்ணாடிக்குள் நின்ற த்ரீ ஸ்பீட்டைக் காட்டி, ஒரு ரவுண்ட் ஓடிப் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். ஒன்று போன நேரத்தில் இன்னொன்றை விற்றுக் காட்டினால் ஹாஜியாரின் கோபம் குறையும் என்று கணக்குப் போட்டு, ஸ்டாண்டைத் தட்டி மெஷினை வெளியே எடுத்தேன். வாசலில் பின்னாலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது.

"அந்த ஐயா யாரை விட்டுட்டுப் போறாரு?"

அப்படிப்பட்டவர்களிடம் கேட்பதில்லை என்று பிலோமினாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

"ஏன்?"

அந்த 'ஏன்' எனக்குள் மாட்டிக்கொண்டது. பதில் தேடினேன். கோட் போட்டவர்கள் களவெடுக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் களவெடுத்தவர்கள் அவர்கள்தானே. இத்தனை நாளும் இது ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கே வெட்கமாகப் போனது. கதிரையில் ஒரு மனுசியை இருத்தி வைத்துக்கொண்டு இந்த ஆளைச் சும்மா விட எனக்கு மனமும் வரவில்லை, கையும் வரவில்லை. ஹாண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஈடு வைக்க முடியுமா என்று அவரிடம் இங்கிலீஷில் கேட்டேன். மணிக்கூடு என்றாலும் போதும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். காரில் பர்ஸ் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனார். அப்படியே போனவர்தான்.

நல்ல ஒரு கிராக்கியையும் கெடுத்தாயிற்று என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, ஹாஜியார் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியே பெல் சத்தம் கேட்டது. சூசை வியர்வை வழிய, வாயெல்லாம் பல்லாக இறங்கினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஊருக்கு வெளியே வத்தளைவரை போயிருக்கிறார். அங்கே அக்கா வீட்டில் சைக்கிளைக் காட்டியிருக்கிறார். அக்கா ப்ளேன்டீ குடிக்காமல் விடவில்லையாம்.

"எவ்வளவு தூரம்னு நீங்க சொல்லலையே, தம்பி" என்றார்.

உண்மைதான், நான் சொல்லவில்லை. பிலோமினா எழுந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார். சூசை மெஷினை மிகவும் புகழ்ந்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினார்.

4. போர்டிங்கில் இரவுச் சாப்பாடு

என்னோடு அறையில் இருந்த மகாலிங்கம் வெள்ளவத்தையில் வேறொரு சைக்கிள் கடையில் சேல்ஸ்மன். அன்று சாப்பாட்டு மேசையில் இடியப்பத்தைத் தொடாமல் இருந்தான். கடை மூடும் நேரம் ஒருவன் வந்து, இருந்ததில் விலை கூடிய மெஷினை ட்ரையலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். கிறீம் கோட், தங்க விளிம்புக் கண்ணாடி, லவெண்டர் வாசம்.

காரில் பர்ஸ் இருக்கிறது என்று என்னிடம் சொல்லிப் போன அதே ஆள். மகாலிங்கத்தை அடுத்த கிழமையே வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அவன் ஊருக்குப் போய், கிளார்க் சோதினை பாஸ் பண்ணி, நல்ல உத்தியோகம் பார்த்துப் பென்சனும் எடுத்தான். என் அப்பா சாகும்வரை அவனைத்தான் எனக்கு உதாரணம் காட்டினார்.

5. தோட்டத்தில்

திங்கட்கிழமை ஹாஜியாருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு அந்தக் கறுப்பு மெஷினை நல்லாக விலை குறைத்து சூசைக்குக் கொடு, நீயே போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். அவர் நல்ல மனிதர், ஒன்றை உணர்ந்தால் தாமதிக்க மாட்டார். என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த மனுசிக்கு நல்ல செய்தி சொல்லப் போகிறேன் என்று நானும் துள்ளிக்கொண்டு போனேன்.

சூசை என்னைக் கண்டதும் சோடா வாங்க ஓடினார். நான் பிலோமினாவிடம் கிறீம் கோட் போட்டவனின் கதையைச் சொன்னேன். உங்களால்தான் என் வேலை தப்பியது என்றேன். விலை குறைத்ததையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சைக்கிள் வேண்டாம் என்றார். கோபமா அக்கா என்று கேட்டேன்.

"கோவம் இல்ல தம்பி. நானும் சிரிச்சிக்கிட்டுத்தானே உக்காந்தேன். ஆனா வருவாரா வருவாரான்னு நீங்க ஆள் மாத்தி ஆள் கேட்டீங்கல்ல. கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்துல, இவரு வராமப் போயிருவாரோன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. கப்பல் வேலைக்குப் போயி ரெண்டு நாள் கழிச்சு வந்தப்பகூட நெனச்சதில்ல. உங்க கடையில உக்காந்துதான் நெனச்சேன். அந்தச் சைக்கிள் வாசல்ல நின்னா தெனமும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதை அவருகிட்டச் சொல்லிராதீங்க."

சூசை சோடாவோடு வந்தார். ஆசையாகப் பார்த்த மெஷினைத் திடீரென்று வேண்டாம் என்கிறாள், என்ன காரணமோ தெரியவில்லை, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சோடாவைக் குடித்தேன். வெறும் போத்தலைக் கீழே வைத்தேன். கடைக்கு நேரமாகிறது என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் எந்த வீட்டு வாசலையும் தாண்டியதில்லை.

அடுத்த நாளிலிருந்து ட்ரையலுக்கு யார் போனாலும் இன்னொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் கூடவே ஓடினேன். கோட் என்றாலும் ஓடினேன், சாரம் என்றாலும் ஓடினேன். கியர் மாற்றுவதைப் பக்கத்தில் வந்தே காட்டித் தருகிறேன் என்று சொல்வேன், ஒருவரும் தப்பாக எடுக்கவில்லை, அந்தப் புரொக்டர்கூடத் திரும்பி வந்து வாங்கினார். கால் வலித்ததே தவிர அதற்குப் பிறகு என் கையால் ஒரு சைக்கிளும் களவு போகவில்லை. கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் சாமானுக்கு நீங்களே காவல் நில்லுங்கள். அந்தக் காவலை வருகிறவர்களின் தலையில் கட்டாதீர்கள், அவர்கள் வீட்டில் அதனால் என்ன உடைகிறது என்று உங்களுக்குத் தெரியவராது.