அக்காவுக்குக் கட்டிய பேனர்

எங்கள் மாமாவுக்கு எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. அம்மாவின் ஒரே தம்பி. திருமலைராயன்பட்டினத்தில் பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறவர். எனக்குக் காது குத்தியபோது அவர் போட்ட வெடியில் நான் அழுத சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லையாம். அப்படிப்பட்ட மனிதருக்கு, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்ற சேதி போனால் சும்மா இருப்பாரா?

முதலில் வந்து குச்சு கட்டினார். வீட்டுக்குப் பக்கத்தில் முருங்கை மரத்தடியில் பச்சைத் தென்னங்கீற்றால் ஒரு சின்னக் குடிசை. சடங்கு நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அக்கா அதற்குள்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். தப்பித்தவறி அவளைத் தொட்டுவிட்டால் தலையோடு குளித்தால்தான் வீட்டுக்குள் விடுவார்கள். காத்துக் கருப்பு அண்டாமலிருக்க, கதிர் அறுக்கிற கருக்கரிவாள் ஒன்றையும் அவள் கையில் கொடுத்துவைத்தாள் அத்தை. அப்பாவின் அக்காவான இந்த அத்தைதான் எங்கள் வீட்டுச் சட்டதிட்டங்களுக்கெல்லாம் நீதிபதி.

அக்காவோ ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவள். படிக்கும்போதுகூட நடந்துகொண்டேதான் படிப்பாள். அவளைப் போய் அந்தக் கீற்றுக்குள் உட்காரச் சொன்னால்? உள்ளே அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற சத்தம் பகலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அவளுக்கு மட்டும் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சடங்குக்கு முதல் நாள் மாமா பேனரோடு வந்தார். காரைக்காலில் அடித்தது. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினார்கள். ஆகா, அதைப் பார்க்க வேண்டுமே! பாதிப் பேனரில் மாமா, கறுப்புக் கண்ணாடி போட்டு யாரிடமோ செல்போன் பேசிக்கொண்டிருக்கிறார். மீதிப் பாதியில் அக்கா. பள்ளி அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கித் தலையில் கிரீடம் வைத்து, பின்னால் ஓர் அருவியையும் ஓடவிட்டிருந்தார்கள். அடியில் தெருப் பையன்கள் வரிசையாகக் கும்பிட்டு நிற்க, அந்த வரிசையின் ஓரத்தில் நான்! நாலாம் வகுப்பில் என் படம் வேறு யாருக்குப் பேனரில் வந்திருக்கிறது?

ஓடிப்போய்க் கீற்று இடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன். உள்ளே நடை நின்றது.

"என்னடி எழுதியிருக்கு?"

மனப்பாடம் செய்துவிட்டேனே. பூப்பெய்திய எங்கள் குலக்கொடி என்று தொடங்கி வருக வருக வரைக்கும் ஒப்பித்தேன்.

"எங்க கட்டியிருக்கு?"

"பஸ் ஸ்டாப்புலதான். பசங்க எல்லாரும் பாக்குறாங்க."

கீற்று இடுக்கில் அவள் கண் ஒன்று மட்டும் வந்து நின்றது. பிறகு, "போயி மாமாகிட்ட அத அவுக்கச் சொல்லு. அந்த பஸ்லதான நான் பள்ளிக்கூடம் போவணும்," என்றாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

மாமாவிடம் போனேன். "அட போடி, நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே பெருமை," என்றார். அப்பாவிடம் போனேன். "மாமன் சீரு, நான் என்னத்தச் சொல்ல," என்றார். அத்தை, "பொட்டப்புள்ள வாயத் தொறந்து இதெல்லாம் பேசப்படாதுன்னு சொல்லு," என்றாள். அம்மாவிடம் போனேன். அவள் தலை நிமிராமல் முந்திரிப் பருப்பை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பதிலையும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சேர்க்க, குச்சுக்குள் நடை வேகமானது.

மறுநாள் காலை. மைக்செட் அலறுகிறது. தாம்பாளங்களில் சீர். மாமா பட்டுச் சட்டை, ஜரிகை வேட்டி. தண்ணீர் ஊற்ற இன்னும் நேரமிருக்கும்போது குச்சின் தட்டி திறந்தது. அக்கா அரிவாளோடு வெளியே வந்தாள். நேரே தெருவில் இறங்கினாள்.

"அடியேய்! எங்கடி போற? தீட்டுடி!" அத்தை போட்ட கூச்சலில் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பிடிக்க ஆளில்லாமலா? பந்தல் கொள்ளாத ஆட்கள். ஆனால் தொட்டால் குளிக்க வேண்டும். நல்ல நேரம் போய்விடும், பட்டும் போய்விடும். மாமா கைகளை அகல விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். "தாயி, மாமா சொல்றேன்ல, நில்லு தாயி!" அவள் ஓர் எட்டு வைத்தால் அவர் ஓர் எட்டு பின்வாங்கினார். வாத்து மேய்க்கிறவரை வாத்து மேய்த்த மாதிரி இருந்தது.

அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நீ பெத்தவதான? போயி இழுத்துட்டு வா! அப்பறம் குளிச்சுக்கலாம்."

"நான் தலைக்கு ஊத்திட்டேன் அத்தாச்சி. பாயசம் அடுப்புல கெடக்கு. இப்பத் தொட்டா அத்தனையும் கொட்டணும்," என்றாள் அம்மா, கரண்டியும் கையுமாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா எங்கே குளித்தாள்? முதல் நாள் வைத்த பூ வாடி அவள் கொண்டையிலேயே இருந்தது. "அம்மா, நீ இன்னும்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், தொடையில் விழுந்தது ஒரு கிள்ளு. பொய் சொன்னது அவள், கிள்ளு எனக்கு. இது என்ன நியாயம் என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் அக்காவின் பின்னால் ஓடினேன். என் படம் போகப்போகிறதே!

நிறுத்தத்தில் காரைக்கால் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் தலைகள். அக்கா அண்ணாந்து கிரீடம் வைத்த தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கயிற்றை அறுத்தாள். கருக்கரிவாளுக்கு நைலான் கயிறு எம்மாத்திரம்? தாங்கிப் பிடிக்கப் போன மாமாவின் தலையிலேயே மாமாவின் முகம் வந்து விழுந்தது. பஸ்ஸில் யாரோ விசிலடித்தார்கள். அக்கா அரிவாளைத் தாழ்த்தினாள்.

"வயித்து வலிக்கு யாராவது பேனர் வைப்பாங்களா மாமா?" என்று கேட்டாள்.

மாமா பேனருக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை, அவள் திரும்பி நடக்கும்வரை.

சடங்கு நடந்தது. அக்கா சொன்னபடி உட்கார்ந்தாள், சொன்னபடி எழுந்தாள், புட்டும் தின்றாள். மாமா முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். வந்தவர்கள் பாயசத்தைக் குடித்துக்கொண்டே, இது எந்த வீட்டில் போய் வாழப்போகிறது என்று பேசினார்கள். பேனரை அப்பா நெல் மூட்டைகளுக்கு மேல் போட்டுக் கட்டினார். மழை பெய்யும்போதெல்லாம் நான் போய் என் படம் நனைகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

சில வருஷங்கள் கழித்து என் முறை வந்தது. அக்கா அப்போது கல்லூரியில். அம்மா ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, அதை வைத்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லிக்கொடுத்து, "வலிச்சா சொல்லு. இல்லன்னா நாளைக்குப் பள்ளிக்கூடம் போ," என்றாள்.

"குச்சு?"

"கெடையாது."

"மாமா?"

"பழம் வாங்கிட்டு வருவாரு."

"அப்ப பேனர்?"

அம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளுக்கு மட்டும் எல்லாம் செஞ்சீங்க!" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் அதே நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது. பையன்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஒருத்தனும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலகத்தில் இப்படி ஒரு அநியாயம் உண்டா என்று, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரைக்கால் வரும்வரை அழுதேன்.