குனிந்த இடத்திலேயே கோவிந்தா

இன்று காலை அலிபிரியில் முதுகுவலிக்கான யோகா வகுப்பு. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, மெல்லக் குனியச் சொன்னார் மாஸ்டர். குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

வலி தாங்காமல் "கோவிந்தா!" என்று கத்தினேன்.

திருப்பதி அல்லவா? கண்ணைத் திறக்காமலே மொத்த வகுப்பும் "கோவிந்தா!" என்றது. மறுபடி கத்தினேன். இன்னும் பலமாகப் பதில் வந்தது.

பக்கத்துப் பாயில் முனிரத்தினம். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தட்டிப் பறித்தவன். அவன் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தான்.

"நிமிர முடியலடா, தூக்குடா!"

"கம்முனு இருய்யா. எல்லாரும் பக்தியா கீறாங்க, கெடுக்காதே."

மாஸ்டர் வந்தார். "பாருங்க, சார் எவ்ளோ நேரமா குனிஞ்சிகினே கீறாரு!" என்று கைதட்ட வைத்தார்.

கவிழ்ந்து படுத்தபடி இதை எழுதுகிறேன். இடுப்புக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முனிரத்தினத்தை மன்னிக்க உதவும் ஆசனம் தெரிந்தவர்கள் சொல்லாதீர்கள்.