சாமி இல்லாத மலைக்குப் போனவள்

யாரோடும் ஓடவில்லை. அதை முதலில் காதில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பிய அன்றைக்கு அவள் வாயால் சொன்னதை அவள் வாசலில் நின்று கேட்டவர்களே இன்றைக்குக் கடைக்குக் கடை வேறு கதை சொல்கிறார்கள். உண்ணாமலை தனியாகத்தான் போனாள். முதுகில் ஒரு பை, காலில் வெள்ளைக்காரி ஒருத்தி விட்டுப்போன பூட்ஸ். துணை என்றால் அவ்வளவுதான்.

காவி கட்டிக்கொண்டு போன புருஷனைத் தேடிப் போயிருக்கிறாள் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. அது கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் கட்டிய கதை. அதுவும் பொய்தான். மூர்த்தியைத் தேடுவதாக இருந்தால், கைக்குழந்தை பாலுக்கு அழுத நாளிலேயே தேடியிருப்பாள். அந்தக் குழந்தையை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தலை நரைத்த பிறகா தேடுவாள்?

அவள் ஒரு மலையில் ஏறி இறங்கப் போனாள். நேபாளத்தில் கிழக்குப் பக்கம், பனி மூடிய மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய். அதில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வீடு வந்து சேர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதைச் சொன்னால் மட்டும் ஏன் ஒருத்தர் தொண்டையிலும் இறங்க மாட்டேன் என்கிறது?

மூர்த்தி போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். சாமி கூப்பிடுகிறது, இமயமலைக்குப் போகிறேன் என்றான். பிடுங்கிப் போட்ட கடலையைக்கூட ஆயவில்லை. அவன் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் எத்தனை பேர்! பெண்டாட்டிக்கு யார் சோறு போடுவார்கள், பிள்ளைக்கு யார் பால் வாங்குவார்கள் என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஞானம் வந்தவனை வழிமறிப்பது பாவமாம். அவன் அம்மா காசியம்மாள் மட்டும்தான் மண்ணை வாரித் தூற்றினாள். அதுவும் மகனை இல்லை, மருமகளை. இவள் சரியாக இருந்திருந்தால் அவன் ஏன் சாமியாராகப் போகிறான் என்றாள். சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு, சாகிற வரைக்கும் இவள் கையால்தான் சாப்பிட்டாள்.

உண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கச் சந்தில் உள்ள ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அறை பெருக்குவது, படுக்கை விரிப்பு துவைப்பது, மொட்டை மாடியில் காயப்போடுவது. பனிக்காலம் முடிந்து இங்கே வெயில் ஏற ஆரம்பித்தால் வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் நேபாளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வேண்டாத சாமானை எல்லாம் விடுதியில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெட்டிகளைக் கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலைதான். அடுத்த பனிக்காலத்தில் மூக்குத் தோல் உரிந்து, முகம் கருத்து, கன்னம் ஒட்டித் திரும்பி வருவார்கள். போனில் படம் காட்டுவார்கள். பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் விரிப்பை உருவிக்கொண்டு போவாள்.

வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தாள். ஒரு வருஷம், மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் ஒரு வெள்ளைக்காரி போய்விட்டு வந்தாள். இவளைவிட வயதில் மூத்தவள், உடம்பும் கனம். அவள் அந்தக் கணவாயில் நிற்கிற படத்தைக் காட்டினாள். உண்ணாமலை தன் விடுதி இங்கிலீஷில், மேலே என்ன சாமி இருக்கிறது என்று கேட்டாள். சாமி இல்லை, கல்லும் பனியும் காற்றும்தான் என்றாள் அவள். பின்னே எதற்குப் போனாய் என்று இவள் கேட்க, அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். ஊருக்குப் போகும்போது பூட்ஸை இவளிடமே விட்டுவிட்டாள். போட்டுப் பார்த்தால் இவள் காலுக்குச் செய்தது போல் இருந்தது.

காரணம் இல்லாமல் ஒருத்தி ஒரு இடத்துக்குப் போய் வரலாம் என்று உண்ணாமலைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் அவள் போன இடத்துக்கெல்லாம் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, சாவு வீடு, வேலை.

அதற்குப் பிறகு அவள் ஆயத்தமானதைப் பார்த்தால் கல்யாணத்துக்கு ஆயத்தமானது போல இருக்கும். சில பாதைகளில் வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தனி ஆளை விடும் பாதையாகப் பார்த்து வைத்தாள். உயரம் ஏற ஏறத் தலை வலிக்கும், வலித்தால் வீம்பு பிடிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதை விடுதிக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். விடுதியிலேயே ஒரு கூட்டம் எங்களோடு வா என்று கூப்பிட்டது. மாட்டேன் என்றாள். கூட ஆள் வந்தால் அவர்களுக்கு வெந்நீர் வைக்கிற வேலையும் தன் தலையில்தான் விழும் என்றாள். அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அது ஒன்றும் தப்பான கணக்கு இல்லை.

வம்பு ஆரம்பித்தது பூட்ஸில்தான். பழக்காமல் போட்டுக்கொண்டு போனால் கொப்புளம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கே பழக்குவது? ஊர் மலைமேல் ஏற வனத்துறை விடாது. இருப்பது கிரிவலப் பாதை ஒன்றுதான். அதில் வேலைக்குப் போகிறவர்கள் செருப்போடுதான் போகிறார்கள், பஸ்ஸும் லாரியும் போகிறது, ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் விடியற்காலையில் நடக்கவென்றே நடக்கிறவள் மலையைச் சுற்றுகிறாள் என்றுதான் கணக்கு. சுற்றுகிறவள் காலில் ஒன்றும் இருக்கக் கூடாது.

உண்ணாமலைக்கும் அது தெரியும். அவளும் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலில் சுற்றியவள்தானே. பூட்ஸோடு சுற்ற அவளுக்கே மனசு வரவில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். பையில் மணலை நிரப்பி மாட்டிக்கொண்டு, பாதி தூரம் போய், வந்த வழியே திரும்பிவிடுவது. முழுசாகச் சுற்றினால்தானே வலம்? சுற்றாவிட்டால் அது வெறும் நடைதானே? மரியாதை என்று நினைத்து அவள் செய்ததுதான் வினையாகப் போயிற்று. பாதியில் திரும்புவதா? சாவு வீட்டுச் சேதி வந்தால்கூட முடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிற ஊர் இது. எதிர்வீட்டுத் தங்கம்மாள் ஊதுவத்திக் கடை போட்டிருப்பது அந்தப் பாதையில். அவள் சும்மா இருப்பாளா? மலைக்கே முதுகைக் காட்டித் திரும்புகிறாள், அதுவும் பூட்ஸ் காலோடு என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஊதுவத்தியோடு சேர்த்துக் கொடுத்தாள். முதுகுப் பையில் என்ன, யாருக்குக் கொண்டு போகிறாள் என்று பேச்சு கிளம்பியதும் அங்கேதான்.

நேரிலும் கேட்டாள். "இன்னாடி உண்ணாமலை, இந்த வயசுல மிலிட்டரில சேரப் போறியா?"

"எடுத்துக்குனா சேந்துடுவேன்க்கா. உன் வாய்க்குப் பயந்து பாகிஸ்தான்காரன் வரமாட்டான்னு உன்னத்தான் மொதல்ல எடுப்பாங்க."

இதே உண்ணாமலை பயிற்சிக்கென்று பர்வதமலை ஏறினாள். கடப்பாறைப் படியும் சங்கிலியுமாக எவ்வளவு செங்குத்து! பையோடுதான் ஏறினாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது தங்கம்மாளே கைநீட்டித் திருநீறு வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். மேலே சாமி இருக்கிறதே.

பேச்சு போளூர் வரைக்கும் போயிற்று. போளூரில்தான் மகள் கவிநிலாவைக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை சுரேஷ்குமார் வாயில்லாதவன். மாமியார் வெள்ளையம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அப்பன் ஓடிப்போன வீட்டில் பெண் எடுத்ததே தப்பு, இப்போது ஆத்தாளும் ஓடுகிறாளா என்று சோறு போடும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கவிநிலா அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தாள். அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. போக வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

"ம்மா, முக்திநாத் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிடு. அதுவும் நேபாளம்தானே? ஒரே ஒரு வார்த்த. எங்க அத்த உனக்கு மால போட்டு அனுப்பும்."

அது ஒரு மூலை, நான் போவது ஒரு மூலை என்றாள் உண்ணாமலை.

"யாரு வந்து பாக்கப் போறாங்க? சொன்னா இன்னா கொறஞ்சிடுவ?"

"உங்கப்பன் சாமி பேரச் சொல்லிட்டுத்தான் வாசப்படி தாண்டுனான். எல்லாம் கும்புட்டு அனுப்புனாங்க. அந்தப் பொய்ய நானும் சொல்லிட்டா, அவன் பண்ணது சரின்னு ஆயிடும்டீ. நான் ஆசப்பட்டுப் போறேன். அத சொல்ல எனக்கு வெக்கமில்ல."

"உனக்கு வெக்கமில்ல. அந்த வீட்ல தெனம் ஏச்சு திங்கறது நானு."

உண்ணாமலை தப்பு செய்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகள் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அம்மா சொல்ல வேண்டாம், முக்திநாத் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், நீ மறுக்காமல் வாயை மூடிக்கொண்டு போனால் போதும் என்று கேட்டாள் கவிநிலா. உண்ணாமலை அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பெண் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனாள்.

கிளம்புகிற அன்று காலையில் உண்ணாமலை கதவைத் திறந்தால் வாசலில் கோலம். கவிநிலா முதல் நாளே வந்திருந்தாள். அவள் மாமியார் வெள்ளையம்மாள் மாலையோடு வந்து இறங்கினாள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், மஞ்சள் புடவை. தெருப் பெண்கள் எல்லாம் குளித்து முழுகி வந்து நிற்கிறார்கள். இத்தனை மாதமாக வசை பாடிய வாய்கள் அன்றைக்கு வாயாரப் பேசின. பாக்கியசாலி என்றார்கள். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை என்றார்கள்.

உண்ணாமலை மகள் முகத்தைப் பார்த்தாள். அதில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. சரி, வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தாள். ஆரத்தி எடுத்தார்கள், நின்றாள். குங்குமம் வைத்தார்கள், வைத்துக்கொண்டாள்.

அப்போது தங்கம்மாள் கிட்டே வந்தாள். மடியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காணிக்கையை எடுத்து உண்ணாமலை உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடினாள்.

"என் பேரன் அருண்பிரசாத்து, தெரியுமே. பரணி நட்சத்திரம். குடிச்சிக் குடிச்சிக் கொடலு வெந்து கெடக்குது. பேரச் சொல்லி உண்டியல்ல போட்டுடுடி. உன்ன ஜாஸ்தி பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத."

அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு முடிச்சை எடுத்தார்கள்.

ஊரை ஏமாற்றலாம். ஒருத்தி பேரனுக்காக முடிந்ததை வாங்கிக்கொண்டு போய், எங்கோ பனியில் கொண்டு அலைய முடியுமா? உண்ணாமலை மகளை இன்னொரு தடவை பார்த்தாள். வேண்டாம் என்று கவிநிலா கண்ணாலேயே கெஞ்சினாள்.

உண்ணாமலை முடிச்சைத் தங்கம்மாள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அக்கா, நான் முக்திநாத் போகல. நான் போற எடத்துல உண்டியலும் இல்ல, சாமியும் இல்ல. மலையப் பாக்கப் போறேன். இத வேற யாராவது போறவங்க கையில குடு."

மாலையைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம். ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தங்கம்மாள் அந்த முடிச்சை மார்போடு பிடித்துக்கொண்டு போனாள். வெள்ளையம்மாள் மஞ்சள் புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்பன் வழி மட்டும்தான் கோணல் என்று நினைத்திருந்தேன், ரெண்டு பக்கமும் அதுதானா என்று மருமகளைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், போளூர் வீட்டில் இனி என்ன நடக்கும் என்று.

கவிநிலா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சொந்த வீட்டு வாசலில் உண்ணாமலை வெளியே நின்றாள். தட்டவில்லை. கதவில் வாயை வைத்து, மாவு அரைத்து வைத்திருக்கிறேன், உன் அத்தைக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடு, வெறும் வயிற்றோடு அனுப்பாதே என்றாள்.

பையைத் தூக்கி முதுகில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ரோட்டுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினாள். நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கா அம்மா என்று கேட்டான் ஆட்டோக்காரன்.

பஸ் ஸ்டாண்டு என்றாள்.