டாக் மட்டும் வையி

அல் ஐனுக்கும் புரைமிக்கும் நடுவே அப்போது கோடு கிடையாது. ஒரு ரவுண்டானாவைச் சுற்றினால் எமிரேட்ஸ் முடிந்து ஓமான் தொடங்கிவிடும். மணலுக்கு அது தெரியாது, ஆட்டுக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமை மதியம் மீன் பையோடு நடந்து வரும் என் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் தெரியாது. அந்தக் கோட்டை இரும்பில் போட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள். முகத்தில் கறுப்புக் கண்ணாடி, கையில் வெல்டிங் ஹோல்டர், கம்பத்துக்குக் கம்பம் வலைச்சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டே போவேன். தலைக்கு மேல் முள்சுருள் ஏறும்.

மாப்பிள்ளை கல்லிவல்லி. அரபியில் அதற்கு ‘விட்டுத் தள்ளு’ என்று பொருள். விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடமிருந்து ஓடிப்போய், பாஸ்போர்ட் இல்லாமல் பிழைக்கிறவனுக்கும் எங்கள் கேம்ப்பில் அதுதான் பெயர். மூன்று வருடம் லீவு தராத கஃபீலிடமிருந்து ஓடி, புரைமி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினான். வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் ரூமில் அவன்தான் சமையல். பேப்பரை விரித்து வட்டமாக உட்காருவோம். எங்கள் சூப்பர்வைசரும் வந்துவிடுவார். தூத்துக்குடிக்காரர், மீன் வாசத்துக்கு மயங்குகிறவர்.

“வேலி வேணும்டே,” என்றார் ஒரு வெள்ளிக்கிழமை. “வீட்டுக்குக் காம்பவுண்டு கெட்ட மாட்டமா? கண்டவனும் உள்ள வந்தா நாடு என்னத்துக்கு ஆவும்?”

“நல்லா கட்டுங்கண்ணே,” என்றான் மாப்பிள்ளை, சட்டியைத் துழாவியபடி. “கட்டுன கொத்தனாரையும் சேத்து வெளிய நிறுத்துறதுதானே காம்பவுண்டு. உங்களுக்குத் தலையா, வாலா?”

ரூமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

“தலையே வையி. விசா இருக்கவனுக்கு என்னடே பயம்? உன்ன மாதிரி கல்லிவல்லிதான் பயப்படணும்.”

“எல்லாரையும் நிறுத்திப்புட்டா மூட்டை தூக்க ஆளு எங்கேருந்துண்ணே வரும்?” என்றேன் நான்.

“அது அரபிக்காரன் கவலை. நீ ஒன் ராடைப் பிடி.”

மீன் தலையைக் கண் வரை உறிஞ்சித் தின்றுவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப் வாசலில் சாதா உடையில் இரண்டு பேர் நின்றார்கள். மாப்பிள்ளையை மீன் பையோடு வண்டியில் ஏற்றினார்கள். யார் சொன்னது என்று நான் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சைட்டில் சூப்பர்வைசரே சொன்னார்.

“நாந்தாம்டே சொன்னேன். கேம்ப்புல கல்லிவல்லி புழங்குறான்னு தெரிஞ்சா காண்ட்ராக்டே போயிரும்லா. ஒங்க எல்லாத்துக்கும் சேத்துத்தான்.” பிறகு என் தோளைத் தட்டினார். “கல்லிவல்லி. விட்டுத் தள்ளு.”

மாப்பிள்ளையின் கண்ணைப் படம் பிடித்து விமானத்தில் ஏற்றினார்கள். இனி எந்தப் பெயரில் வந்தாலும் அவன் கண்ணே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். போனில் தங்கச்சி அழவில்லை. “அந்தாளு கூட இன்னமும் உக்காந்து சோறு திங்கிறியாண்ணே?” என்று மட்டும் கேட்டாள். தின்றுகொண்டுதான் இருந்தேன். அதே ரூம், அதே பேப்பர். ஒவ்வொரு கவளத்தோடும் அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். உள்ளே ஒன்று வளர்ந்தது. வெயில் பாராது, லீவு கேட்காது, ஓவர்டைம் பார்க்கும். அப்படி ஒரு வேலைக்காரனை எந்தக் கம்பெனியும் வைத்திருந்ததில்லை.

வேலி நீண்டு நீண்டு, பேரீச்சந்தோட்டத்துக்குப் பின்னால் கடைசிச் சட்டத்துக்கு வந்தது. ரவுண்டானாவில் செக்போஸ்ட் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று வருடமாக ‘ஏலே’, அன்றைக்குத்தான் ‘தம்பி’.

“தம்பி, வீட்டுக்காரி புரைமியில இருக்கா. விசிட்ல வந்தவ. விசா முடிஞ்சு போச்சு. வழி தொறந்து கெடந்தப்ப வண்டில அந்தப் பக்கம் கொண்டுபோயி வச்சேன். இப்ப பாஸ்போர்ட்டுல அங்கயும் முத்திரை கெடையாது, இங்கயும் கெடையாது. செக்போஸ்ட்ல போனா மாட்டிக்கிடுவா.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: கல்லிவல்லி.

“சனிக்கிழமை காலைல கூட்டிட்டு வந்துருவேன். இங்க ரூமு அன்னைக்குத்தான் ஒழியுது. அதுவரைக்கும் இந்தச் சட்டத்துக்கு டாக் மட்டும் வையி. ஃபுல் வெல்டு வேண்டாம்.”

டாக் என்றால் மூலைக்கு மூலை நகக்கண் அளவு ஒரு பொட்டு. தள்ளி நின்று பார்த்தால் அடைத்த மாதிரி இருக்கும். சுத்தியலால் இரண்டு போட்டால் கழன்றுவிடும்.

“சரிண்ணே,” என்றேன்.

அடைத்தாகிவிட்டது என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பார்க்காமலே போய்விட்டார். மூன்று வருடம் சொன்னதைச் செய்தவன் அல்லவா நான். கண்ணாடியை முகத்தில் இறக்கினேன். மேலிருந்து கீழ் வரை வெல்டில் ஒரு ஓட்டு. அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேல் மூன்றாவது. கசடைத் தட்டியதும் உள்ளே வெல்டு மீன் செதில் மாதிரி, வரிவரியாக, பளபளவென்று படுத்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெல்டு என் கையில் விழுந்ததில்லை.

சனிக்கிழமை காலை அந்தப் பக்கம் ஒரு அம்மாள் நின்றிருந்தார், கயிறு கட்டிய பெட்டியோடு. இந்தப் பக்கம் சூப்பர்வைசர் சுத்தியலை ஓங்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் நிறுத்தி, குனிந்து, விரலால் செதிலைத் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். இரவு பகல் நான் காத்திருந்த முகம் அதுதான்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. என் பக்கத்தில் நின்ற கேஸ் கட்டிங் செட்டைக் கை காட்டினார்.

“தம்பி, அத வச்சு அறுத்து விடுங்களேன். போலீஸ் ஜீப்பு வர்றதுக்குள்ள வந்துருதேன்.”

“கேஸ் மாஃபி, இல்லக்கா,” என்றேன்.

சிலிண்டர் அன்று காலைதான் வந்திருந்தது. நிறை சிலிண்டர். இறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே சூப்பர்வைசர்தான். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எதைப் பேச வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“கல்லிவல்லிண்ணே,” என்றேன். “விட்டுத் தள்ளுங்க.”

தோட்டத்துக்கு அப்பால் ஜீப்பின் புழுதி எழுந்தது. அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “சரிப்பா, கேஸ் இல்லன்னா நீ என்ன செய்வ,” என்று என்னைத் தேற்றிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அடுத்த வாரம் செக்போஸ்ட்டில் அந்த அம்மாளின் கண்ணையும் படம் பிடித்தார்கள். தங்கச்சிக்குப் போன் போட்டு முழுசும் சொன்னேன்; அந்த அம்மாள் என்னைத் தேற்றிய கடைசிப் பேச்சை மட்டும் சொல்லவில்லை.

“நல்லா வேணும்,” என்றாள்.

“நல்லா வேணும்,” என்றேன் நானும். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்தச் சட்டம் இன்னமும் அங்கே நிற்கும். கழன்றிருக்காது.