மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது

சட்டையின் வலது கைக்குள் கையை நுழைக்க முடியாமல் என் வீட்டுக்காரர் நின்றார். முதல் அறிகுறி அதுதான். தோள் இறுகிக் கல்லாகக் கிடந்தது. வலை இழுக்கிற தோள். நெட்டுக்குப்பத்தில் எங்கள் பிழைப்பே அதில்தான்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு (ஓயாத வேலையால் தசை இறுகித் தளராமல் நிற்பது) என்றார். மூன்று வாரம் வலையைத் தொடக்கூடாது, சுவரில் விரலை ஏற்றிப் பயிற்சி செய்ய வேண்டும். டாக்டர் கொடுத்த பயிற்சித் தாளை என் வீட்டுக்காரர் எங்கே வைத்தார் என்பது இன்றுவரை தெரியாது.

பிறகு குப்பத்தில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். தினமும் எண்ணெய் தேய்த்து அமுக்கிவிட்டது மட்டும் நான். கடைசியில் அவருடைய தோஸ்து ஒருவர் திருவொற்றியூரில் கப்பிங் (கிண்ணத்தைத் தோலில் கவிழ்த்து, காற்றை உறிஞ்சி, தசையை மேலே இழுப்பது) செய்யும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

பொய் சொல்லக்கூடாது. முதல் தடவை வலி குறைந்தது. முதுகில் நாவற்பழ நிறத்தில் ஏழு வட்டங்கள். அதைக் காட்டுவதற்காகவே இரண்டு நாள் சட்டையில்லாமல் தெருவில் திரிந்தார். நிறம் கறுத்தால் கெட்ட ரத்தம் அதிகம் என்று யாரோ சொல்ல, அடுத்த தடவை தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங்கே வேண்டும் என்று அடம்பிடித்தார். வைத்தவர் தெளிவாகச் சொன்னார், மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாளே எங்கள் முறை. கடல் தண்ணீர் ஏறும் ஆற்றில் வலை கட்ட எங்கள் குப்பத்தில் குடும்பத்துக்கு ஒரு நாள். விட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அவருடைய தம்பியிடம் நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். தம்பியிடம் போய்க் கேட்பதற்கு அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

“உப்புத் தண்ணி மே. புண்ணு சீக்கிரம் ஆறிடும்.”

“மீனே செத்து மெதக்குற தண்ணிய்யா அது,” என்றேன்.

அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் கழுத்தளவு இறங்கினார். மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல். கீறிய இடமெல்லாம் சீழ். செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித்தொற்று) என்று வார்டில் சேர்த்தார்கள். தோளில் கத்தி வைக்க வேண்டியிருக்கும், அப்புறம் வலை இழுப்பது சந்தேகம் என்றார் டாக்டர். புண்ணோடு யார் தண்ணீரில் இறங்கச் சொன்னது என்று அவர் கேட்க, இந்த மனிதர் என்னைப் பார்க்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. பாத்ரூமில் போய் அழுதேன்.

மருந்து வேலை செய்தது. கத்தி தேவைப்படவில்லை. எனக்குக் கப்பிங் மேல் கோபமில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், சொன்னதைக் கேட்கவைத்துவிட்டுப் பிறகு எதையும் வையுங்கள்.

பயிற்சியை டாக்டரிடம் மறுபடி கேட்டுக்கொண்டு வீடு திரும்பியதும், அவர் விரல் எட்டிய இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டேன். முன்பெல்லாம் அடுத்த முறைக்கு எத்தனை நாள் என்றுதான் எண்ணுவோம். இப்போது விரல் எவ்வளவு ஏறியது என்று எண்ணினோம். அடுத்த முறையைத் தம்பியிடம் அவரே போய்க் கொடுத்தார்.

போன வாரம் சட்டையைத் தானே போட்டுக்கொண்டார். உதவப் போன நான் சும்மா நின்று என் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னா மே, உனக்கும் கப்பு வெச்சிரலாமா?”

அடிக்கக் கையை ஓங்கினேன். பாதிக்கு மேல் ஏறவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பென்சிலை எடுத்து வந்து, என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். என் விரல் அவருடைய முதல் கோட்டுக்கும் கீழே நின்றது.