பருப்பு வெந்த ஊர்

பட்டணத்தை விட்டுப் போவது என்று எங்கள் அக்கா முடிவு செய்த அன்று ராயபுரம் வீட்டில் இருந்தவர்கள் அக்கா, மாமா, அவர்களுடைய மகள், இடுப்புக் குழந்தையாயிருந்த மகன், நான், ஆக ஐந்து பேர். பக்கத்துப் போர்ஷன்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்கவில்லை. மறுநாள் காலையில் அவர் கதவில் பூட்டுத் தொங்கியது.

அக்கா மறைந்து வருஷம் திரும்புகிறது. திதிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கையில் எடுத்துப் போக ஏதாவது அச்சில் இருக்க வேண்டும் என்று மாமா பிரியப்பட்டார். அவரால் எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் கண் கலங்கி எழுந்து போய்விடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன். சொல்லில் குற்றம் இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது தண்டையார்பேட்டையில். நான் சிறு பிள்ளையாயிருக்கும்போதே எங்கள் தாய் தந்தை இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள். அப்போது அக்காவுக்குப் பதினாலு வயது. புளி மண்டியில் கொட்டை எடுக்கப் போய் என்னைக் காப்பாற்றினார். விரல் இடுக்கெல்லாம் புளிப்பு ஏறிப் புண்ணாகியிருக்கும். அந்தக் கையாலேயே எனக்குச் சோறு பிசைந்து போடுவார், எரியுதா என்று கேட்டால் இல்லை என்பார். பிறகு மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமாவுக்கு ஹார்பர் கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலை. என்னைத் தனியாக விட மாட்டேன் என்று சொல்லித்தான் அக்கா அந்த வீட்டுக்குப் போனார். மாமா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. எதையும் யார் வாயால் கேட்டாலும் நம்ப மாட்டார். அரிசி நல்ல அரிசி என்று கடைக்காரர் சொன்னால் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்.

யுத்தம் கடலோரமாக வந்துவிட்டது என்று பேச்சு எழுந்த கோடை அது. கடற்கரையில் பீரங்கி நிறுத்தினார்கள். விளக்குக்கெல்லாம் கறுப்புத் துணி. அபாயச் சங்கு ஊதினால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்காருவோம். ஹார்பர் பக்கத்திலேயே குடியிருந்ததால் முதல் குண்டு எங்கள் தலையில்தான் என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பேசி முடிக்கும் முன்பே மூட்டை கட்டிவிட்டார்கள்.

"எல்லாரும் சேலம், திருப்பதின்னு சொந்த ஊருக்கு ஓடறாங்கோ. நம்மளுக்கு எங்க கீது ஊரு?" என்றார் மாமா.

"இல்லன்னா ஒண்ணு புடிக்க வேண்டியதுதான்," என்றார் அக்கா. "வேலைக்குப் போயிகினு வர்ற தூரத்துல இர்க்கணும். வாடகையும் ரயிலு சீசனும் சேந்து பத்து ரூவாய்க்குள்ள அடங்கணும். அதுக்கு மேல போச்சுன்னா குண்டு விழாமலே செத்துடுவோம்."

நான் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பயம் சொன்னேன். பூந்தமல்லி என்றால் அங்கே அந்தக் காலத்திலிருந்தே பட்டாளம் தங்கின இடம் ஆயிற்றே என்றேன். அம்பத்தூர் என்றால் ரயில் பாதை பக்கம், பாலத்தைக் குறி வைப்பான் என்றேன். அக்கா சிரித்தார்.

"உனக்கு ரயிலு கூவினாலே ஜொரம் வரும்டா நைனா. வா, போயிப் பாத்துடலாம்."

துணி முடிச்சில் துவரம்பருப்பு, ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரம், இவற்றோடுதான் அக்கா ஊர் பார்க்கக் கிளம்பினார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. கல்லாய்க் கிடக்கும். தண்ணீர் சரியில்லாத ஊரில் பிள்ளைகள் வயிறு நிற்காது, பிள்ளை வயிறு நிற்காத வீட்டில் காசு நிற்காது என்பது அவர் கணக்கு. எந்த ஊரிலும் வீட்டைப் பார்க்கும் முன் கிணற்றடிக்குப் போவார். யாராவது ஒரு வீட்டில் அடுப்பு ஓரம் கேட்பார். பருப்பை வேகவைத்து விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் வாடகையே பேசுவார்.

பூந்தமல்லிக்குப் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் போனோம். நாங்கள் பார்த்த கிணற்றில் பருப்பு வேகவே இல்லை. அடுப்புக் கொடுத்த அம்மாள், "இதுக்கு நாங்க மூணு தலமொறையா பல்லு வெச்சுக்கினுகீறோம்," என்று சொல்லிச் சிரித்தார். அம்பத்தூரில் பருப்பு வெந்தது. ஆனால் எங்களுக்கு முன்பே பட்டணத்துக்காரர்கள் வந்துவிட்டதால் ஒற்றை அறைக்குப் பன்னிரண்டு ரூபாய் கேட்டார்கள். கொரட்டூரில் வாடகை மலிவு. ஆனால் ஏரிக்கரைக்குக் கீழே தாழ்வான வீடுகள், சுவரில் முழங்கால் உயரத்துக்குப் போன வருஷத்து மழைத் தண்ணீர் நின்ற கோடு. அக்கா அடுப்புகூடக் கேட்காமல் திரும்பிவிட்டார்.

ஆவடியில் இறங்கி வெள்ளானூர் போகும் வழியில் ஒரு சிற்றூர். வேலமரமும் மேய்ச்சல் நிலமும், நடுவே நாற்பது ஐம்பது கூரை. அங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு பூவாய் வெந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

"இங்க குண்டு போட இன்னா கீது? ஆடு கீது, முள்ளு கீது," என்றார் மாமா. அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

நான் மட்டும் வயல் பக்கம் போய்ப் பார்த்தேன். வயலில் வரப்பு வரப்பாக வெள்ளையடித்த கல் நட்டிருந்தது. சில கற்களுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டின குச்சி. இரண்டு வீடுகளில் கதவு நிலையைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள், புதிதாகப் பெயர்த்தது, சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. அடுப்புக் கொடுத்த பெண்ணிடம் அக்கா, தண்ணி எப்பவும் இப்படித்தானா என்று கேட்டார். "தண்ணிக்கு இன்னா கொற. குடிக்கத்தான் ஆளு வேணும்," என்று அந்தப் பெண் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கேலி பேசுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

வீட்டுக்காரரிடம் கல்லைப் பற்றி நான் கேட்டேன். "ரோடு வருது தம்பி. ரோடு வந்தா ஊரு பெருசாவும்," என்றார். வாடகை நாலு ரூபாய்தான், ஆனால் அட்வான்ஸ் நாற்பதும் அன்றே வேண்டும் என்றார். நாளைக்கு என்றால் வேறு ஆள் இருக்கிறது என்றார். அக்கா வளையலை அடகு வைத்துக் கொண்டுவந்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். அரிசியைக் கடித்துப் பார்க்கிறவர், தண்ணீரைச் சோதித்தவர், கல்லைப் பற்றி அந்த ஒருவர் வார்த்தையோடு விட்டுவிட்டார். வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பருப்பு வெந்துவிட்டதே.

அங்கே இருந்த மாதங்களில் அக்கா உடம்பு தேறியது. பிள்ளைகள் தேறினார்கள். ஆனால் ஊர் தேயத் தொடங்கியது. இன்றைக்கு ஒரு வீட்டில் மாட்டை ஓட்டிப் போவார்கள், அடுத்த நாலு நாளில் இன்னொரு வீட்டில் கூரை பிரிப்பார்கள். கேட்டால், பெண் வீட்டுக்குப் போகிறோம் என்பார்கள். காலையில் புகை எழும் கூரைகள் குறைந்துகொண்டே வந்தன. விட்டுப்போன நாய்கள் எங்கள் வாசலுக்கு வந்து படுத்தன. அக்கா அவற்றுக்கும் கஞ்சி ஊற்றினார். தூரத்தில் எந்நேரமும் லாரி உறுமல் கேட்கும். ஒவ்வொரு வாரமும் அந்தச் சத்தம் கொஞ்சம் கிட்ட வந்தது. வாடகை வாங்க வீட்டுக்காரர் வருவதை நிறுத்தியபோதுதான் அக்காவுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது.

"வாடகைய கேக்காத ஊட்டுக்காரன எங்கியாச்சும் பாத்துகீறியாடா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதே நினைப்புத்தான்.

பிறகு தண்டோரா வந்தது. ராணுவத்துக்காக அந்தப் பக்கத்து நிலமெல்லாம் எடுத்தாகிவிட்டது, உடனே காலி செய்ய வேண்டும் என்றார்கள். நிலத்துக்காரர்களுக்கு நஷ்டஈடு உண்டு. குடியிருந்தவர்களுக்கு இல்லை. குண்டுக்குப் பயந்து ஹார்பரை விட்டு ஓடி வந்த நாங்கள், பட்டாளம் வந்து இறங்கப்போகிற இடத்தின் நடுவிலேயே அடுப்பு மூட்டியிருந்தோம். வீட்டுக்காரர் திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாமா தேடிப் போனார். சொன்ன வீடு பூட்டிக் கிடந்தது. அட்வான்ஸ் போனது போனதுதான்.

எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வண்டி கொடுத்தவர் அதே ஊர் ஏழுமலை அண்ணன். அவருடைய கூரையும் போகிறது. மாமா வழி நெடுக வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு வந்தார். ஏழுமலை அண்ணன் மாட்டைத் தட்டியபடியே, "உனுக்காச்சும் எங்க போறோம்னு தெரியுது மச்சான். நான் உன்னிய எறக்கி உட்டுட்டு வண்டிய எந்தப் பக்கம் திருப்பறதுன்னு யோசிச்சிகினு கீறேன்," என்றார். மாமா இறங்கி வண்டியோடு நடக்கத் தொடங்கினார்.

கையில் மிச்சம் இருந்ததற்குக் கிடைத்த இடம் கொரட்டூர்தான், ஏரிக்கரைக்குக் கீழே, கோடு போட்ட அதே சுவர்களில் ஒன்று. பருப்பு வேகவைத்துப் பார்க்க நேரமில்லை. பார்த்திருந்தாலும் வேறு எங்கே போவது. அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. ஏரி தளும்பி, கிணற்றில் தெருத் தண்ணீர் இறங்கியது. பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்த அக்கா தனக்குக் காய்ச்சவில்லை. விறகு அவ்வளவு விலை. மூன்று வாரம் ஜுரத்தோடு நடமாடினார். விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் அம்பத்தூருக்கு ஓடினேன். அங்கே ஏழுமலை அண்ணன் மைத்துனர் வீட்டில் ஒதுங்கியிருந்தார். சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து மாட்டைப் பூட்டினார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வில்லிவாக்கம் கேட் மூடியிருந்தது. சாமான் ரயில் ஒன்று போனது. முடியவே இல்லை. மூடின பெட்டி, தார்ப்பாய் போட்ட பெட்டி, மறுபடி மூடின பெட்டி. அக்காவின் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து, "எந்தப் பக்கமா போவுது?" என்று கேட்டார்.

"ஆவடிப் பக்கம், அக்கா."

"அப்ப நம்ம ஊட்டுக்குத்தான் சாமான் போவுது," என்றார். சிரிக்கப் பார்த்தார். கேட் திறந்து வண்டி புரசைவாக்கம் போய்ச் சேரும் முன் உயிர் பிரிந்துவிட்டது.

அந்த வேளையில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு இந்த மலரின் மூலம் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். நனைந்த விறகை விலக்கிக் காய்ந்த விறகாகப் பொறுக்கிக் கொடுத்த கொரட்டூர் விறகுக்கடைக்காரருக்கும், பிள்ளைகளைப் பதினாறு நாளும் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட எதிர்வீட்டு அம்மாளுக்கும், லீவு கொடுத்த மாமாவின் மேஸ்திரிக்கும், காகிதப் பஞ்சத்திலும் வெட்டி மிஞ்சின காகிதத்தில் இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

ஏழுமலை அண்ணனுக்கு நேரில் சொல்ல முடியவில்லை. காரியம் முடிந்து அம்பத்தூருக்குப் போனபோது அவர் மைத்துனர் வீட்டை விட்டுப் போயிருந்தார், எங்கே என்று மைத்துனருக்கும் தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள், விசாரிக்க ஊரும் இல்லை. அவரைக் கண்டவர்கள் தயவுசெய்து மாமாவுக்குத் தகவல் சொல்லவும். கொரட்டூருக்குச் சாமான் ஏற்றிய கூலி ஒன்றரை ரூபாய், அக்காவைக் கொண்டுபோன கூலி இரண்டு ரூபாய், ஆக மூன்றரை ரூபாய் அவருக்கு நாங்கள் தர வேண்டியிருக்கிறது.