மிஸஸ் டெனன்ட்டின் தலை முழுக்கு

பவளம் யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயின்றவள். கணவர் வரதராஜாவுக்கு மெல்பேர்னில் எஞ்சினியர் வேலை கிடைத்து, எழுபத்து நாலாம் ஆண்டு இருவரும் வந்து இறங்கியபோது அந்தப் பயிற்சி இங்கே செல்லாது என்றார்கள். அவள் அதற்காக மூலையில் உட்காரவில்லை. ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் உதவித் தாதியாகச் சேர்ந்தாள். படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்ட எந்த ஊரிலும் அதே கைப்பழக்கம்தான் வேண்டும் என்பது அவள் எண்ணம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளி ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் "சரி, சரி" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

அங்கே மிஸஸ் டெனன்ட் என்றொருத்தி இருந்தாள். வயது ஐம்பதைச் சுற்றித்தான். மூட்டுவாதம் இரண்டு கைகளையும் முடக்கிவிட்டதால் சீப்புக்கூடப் பிடிக்க முடியாது. இடுப்புவரை பொன்னிறக் கூந்தல். நூல் நூலாக, மிக மெல்லியது. போத்தல் ஷாம்பூ பட்டால் அவள் தலை சிவந்து தடித்துவிடும். அதனால் மருந்துக்கடையில் வாங்கும், சவுக்காரம் போன்ற ஷாம்பூக் கட்டியைத்தான் பாவித்தாள். முன்பு அவளுக்குத் தலை முழுகவார்த்த தாதி வேலையை விட்டுப் போக, அந்தப் பொறுப்பு பவளத்திடம் வந்தது.

முதல் நாளே மிஸஸ் டெனன்ட் சொன்னாள்: "நர்ஸ், கட்டியைத் தலையில் தேய்க்க வேண்டாம். கையில் நுரைத்துவிட்டு..."

"சரி, சரி," என்று பவளம் கட்டியை உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

அதன்பின் கூந்தல் மங்கத் தொடங்கியது. பொன்னிறம் போய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம் வந்தது. வாரினால் சீப்பில் மாவைப் போல வெள்ளையாக ஒட்டியது. அழுக்குப் போகவில்லை என்று நினைத்துப் பவளம் இன்னும் அதிகமாகத் தேய்த்தாள். முதுகில் புரளும் பகுதி சிக்குப் பிடித்துச் சடை விழுந்தது.

தலைமைத் தாதியான மேட்ரன் வந்து கூந்தலைத் தூக்கிப் பார்த்தார். "இதை இனி வைத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை முடி வெட்டுகிறவள் வருகிறாள். மற்றவர்களைப் போலக் காதளவுக்கு வெட்டிவிடலாம்."

"நான் சம்மதிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்," என்றாள் மிஸஸ் டெனன்ட். மேட்ரன் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி தேத்தண்ணி குடிக்க வந்திருந்தாள். பவளம் குசினியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"உந்தக் கட்டி சரியில்லை, சிவனேஸ். எவ்வளவு தேய்ச்சும் ஊத்தை போகுதில்லை."

"எவ்வளவு தேய்ச்சனீங்கள், அக்கா?"

"ஊரிலை தேய்க்கிற மாதிரித்தான்."

சிவனேஸ்வரி சிரித்தாள். "ஐயோ, அக்கா! அது எங்கடை கிணத்துத் தண்ணிக்கு. அங்கை பாதிக் கட்டி கரைஞ்சாலும் நுரை வராது. இஞ்சத்தைத் தண்ணியிலை சவுக்காரம் தொட்டாலே பொங்குது, பேந்து லேசிலை போகாது. வந்த புதுசிலை நானும் உடுப்பெல்லாத்தையும் பிசுபிசுக்கப் பண்ணினனான். அது ஊத்தை இல்லை. நீங்கள் பூசின சவுக்காரம்தான் அவவின்ரை தலையிலை இருக்குது."

"அவ முதல் நாளே சொன்னவ," என்றாள் பவளம்.

"பேந்தென்ன? வாயை மூடிக்கொண்டு போய்க் கழுவுங்கோ. வெள்ளைக்காரியின்ரை தலையைக் கறிச்சட்டி எண்டு நினைச்சு மினுக்கினால் என்னெண்டு?"

வியாழன் காலையில் பவளம் மிஸஸ் டெனன்ட்டைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்றைக்கு நீங்கள் சொல்லுங்கள். நான் செய்கிறேன்," என்றாள்.

"உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள் மிஸஸ் டெனன்ட். பிறகு சொன்னாள். கட்டியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த நுரையை விரல் நுனியால் மண்டையில் மட்டும் பூச வேண்டும். கூந்தலைக் கசக்கக் கூடாது. நுரை தானாக வழிந்து போகும். விரலுக்கிடையில் வழுக்கல் போகும்வரை தண்ணீர் வார்க்க வேண்டும். மிச்சச் சவுக்காரமும் அகலக் கடைசிக் குவளையில் கொஞ்சம் வினாகிரி.

தண்ணீர் நெடுநேரம் வெள்ளையாகவே ஓடியது. மத்தியானம் ஜன்னலோரம் காய்ந்தபோது நிறம் திரும்பியிருந்தது. முதுகுப்புறச் சடை மட்டும் எண்ணெய்க்கும் இளகவில்லை, சீப்புக்கும் இளகவில்லை.

பவளம் நேரே மேட்ரனின் அறைக்குப் போனாள்.

"கூந்தலில் பிழையில்லை, மேட்ரன். பிழை என்னுடையது. கட்டியை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டேன். ஒருமுறை வந்து பாருங்கள்."

மேட்ரன் வந்து பார்த்தார். "சடை இருக்கிறதே."

"சடைவரை வெட்டலாம். காதுவரை வேண்டாம். இனி முழுகவார்ப்பதும் வாருவதும் நான். வேறொருவர் நேரமும் போகாது."

"மறுபடி சடை விழுந்தால் நானே கத்தரியோடு வருவேன்."

"வாருங்கள்."

வெள்ளிக்கிழமை முடி வெட்டுகிறவள் வந்தாள். சடை எங்கே தொடங்குகிறது என்று பவளம் சீப்பால் காட்டினாள். தோளுக்குச் சற்றுக் கீழே. மிஸஸ் டெனன்ட் அந்த இடத்தைத் தன் வளைந்த விரலின் புறத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"அவ்வளவா?"

"அவ்வளவும்தான். கூட்டிச் சொல்லவில்லை," என்றாள் பவளம்.

"அப்படியென்றால் வெட்டுங்கள்."

கத்தரி நாலைந்து தரம் ஓடியது. அரை முழத்துக்கு மேல் கீழே விழுந்தது. மிஸஸ் டெனன்ட் தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாள். மிஞ்சிய கூந்தல் தோளில் புரண்டது. பவளம் தும்புத்தடியை எடுத்துவந்து தரையைக் கூட்டினாள்.